தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்திவிட்டு எடுங்கள். விரல் பட்ட இடம் உடனே நிரம்பிவிட்டால் கவலையில்லை. பள்ளம் அப்படியே நின்றால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கு இதைச் சொல்ல அன்று ஆளில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, நீர் கோத்திருக்கிறது, நடந்தால் வடிந்துவிடும் என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதை எழுதுவதே அடுத்தவள் அப்படித் திரியக் கூடாது என்பதற்காகத்தான்.

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்த இரண்டாவது வருஷம் அது. காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்கிற குடியிருப்புக்குள், ஒரு வீட்டின் பின்பக்க அறையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் சுப்பையா டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். முதலாளி சண்டைக்கு முன்னாலேயே ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். கடை பூட்டியாயிற்று. இவர் தேங்காயெண்ணெயில் சவுக்காரம் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த எங்களுக்கு மலாயாவில் சொந்தம் என்று ஒரு காக்கை குருவி கிடையாது. ஊரிலிருந்து கடிதம் வருவதும் நின்றுபோயிருந்தது.

வீட்டின் சொந்தக்காரி தெய்வானை மாமி செட்டி இனத்தவள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். மாமி நெற்றி நிறையத் திருநீறு பூசுவாள், மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் வாயில் தண்ணீர் ஊற்ற மாட்டாள். ஆனால் உடுத்துவது கைலியும் கபாயாச் சட்டையும், பேசுவது மலாய். அதில் அங்கங்கே நம் சொல் ஒன்றிரண்டு வந்து விழும். அவள் சொன்னதையெல்லாம் இங்கே நம் பேச்சில்தான் எழுதுகிறேன். வயது ஐம்பது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. கொண்டையில் மூன்று தங்க ஊசி, கொல்லையில் ஆறு வாத்து, இவைதான் அவளுடைய சொத்து.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக முத்து பிறந்தான். முன்னே பிறந்தவை தங்காவிட்டால், அடுத்ததை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, அவளிடமிருந்து தவிட்டுக்கு வாங்கிக்கொள்வது நம் ஊர் வழக்கம். பிள்ளை எனக்குப் பிறந்ததில்லை, தவிடு கொடுத்து வாங்கியது என்று ஆகிவிட்டால் எமன் திரும்பிப் பார்க்க மாட்டானாம். பதினாறாம் நாள் முத்துவை முறத்தில் வைத்து மாமியின் நிலைப்படியில் கிடத்தினேன். மாமி எடுத்துக்கொண்டாள். நான் ஒரு படி தவிடு அளந்து கொடுத்து அப்போதே திரும்ப வாங்கியிருக்க வேண்டும். தவிடுதான் இல்லை. அரிசி ஆலைகளையெல்லாம் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டிருந்தான். மாமி வாத்துக்கென்று ஒரு சாடியில் தவிடு வைத்திருந்தாள். அவளுடைய தவிட்டையே அவளுக்கு எப்படிக் கொடுப்பது? கிடைக்கிறபோது வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

நமக்கு அது ஒரு சடங்கு. மாமி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வாங்கும்வரை அவன் அவள் பிள்ளை. மறுவாரமே அரிசிக் கார்டு எழுதுகிற கிராணியின், அதாவது குமாஸ்தாவின், மேசைக்குப் போய், சுவீகாரப் பிள்ளை என்று அல்ல, தான் பெற்ற பிள்ளை என்றே சொல்லித் தன் அரிசிக் கார்டில் முத்துவின் பெயரை ஏற்றிவிட்டு வந்தாள். ஐம்பது வயதில் பிள்ளையா என்று கிராணி கேட்டதற்கு, சாமி கொடுத்தது என்றாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. தவிடு இரண்டாம் மாதமே கிடைத்தது. தெங்கேராவில் ஒரு சீனத்தி அரைப் படி தருகிறேன் என்றாள். நான்தான் வாங்கவில்லை. முத்துவின் பெயருக்கு வந்த அரிசியை மாமி அப்படியே எங்கள் சட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையைத் திரும்ப வாங்கினால் அந்தப் பெயரை அவள் கார்டிலிருந்து எடுத்து எங்கள் கார்டில் போட வேண்டும். அதற்கு இவர் கிராணி மேசையில் போய் நிற்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த, திடமான ஆம்பிளைகளைப் பார்த்துப் பார்த்து ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த காலம். போனவர் ஒருவரும் திரும்பியதில்லை. பயம் பாதி, அரிசி ஆசை பாதி. நல்ல நாள் பார்க்கிறேன் என்று மாமியிடம் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் முத்து பாலைக் கக்க ஆரம்பித்தான். முகம் உப்பினாற்போல் இருந்தது. கொழுகொழுவென்று ஆகிறான் என்று நினைத்தேன், மடச்சி. ஒருநாள் காலையில் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தால், தூளியில் கிடந்தவன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். முகம் சிவந்து கோணுகிறது, கண்ணில் நீர் வழிகிறது. சத்தம் இல்லை. பிள்ளை அழுகிறது, காதில் எதுவும் விழவில்லை. அந்தப் பயத்தை எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஓடிப்போய் மாமியின் கதவைப் படபடவென்று தட்டினேன்.

மாமி ஓடி வந்து பார்த்தாள். "எடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றாள்.

பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் பட்டாளத்துக்காரர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடித்து வார்டு ஆக்கியிருந்தார்கள். வாசலில் மேசை, மேசையில் கிராணி, அவர் பையில் இரண்டு பேனா. அவருக்குப் பின்னால் சட்டங்களை மலாயில் எழுதி ஒட்டியிருந்தது. அரிசிக் கார்டு இல்லாதவரைச் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தால் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், வெளியே போகும்போதுதான் தருவார்கள். மூன்று நாள் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். சோறு வீட்டிலிருந்து வர வேண்டும். மருந்து ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டால் வெளியே வாங்கிவந்து கொடுக்க வேண்டும். கைப்பிள்ளையோடு கார்டில் உள்ள தாய் மட்டும் தங்கலாம். மற்றவர்கள் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகலாம். கடைசியாக ஒன்று இருந்தது, அதை மழை நனைத்து அழித்திருந்தது.

"பிள்ளை யார் கார்டில்?" என்றார் கிராணி.

மாமி கார்டை எடுத்து நீட்டினாள். "என் பிள்ளை," என்றாள்.

கிராணி அவள் நரைத்த கொண்டையைப் பார்த்தார், என் நனைந்த ரவிக்கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதினார். ஜப்பான்காரன் அடித்த வாழைமரம் போட்ட நோட்டு ஒரு கட்டு எண்ணிக் கொடுத்தோம். சவுக்காரம் விற்ற காசு அதோடு தீர்ந்தது. மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னை மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

மார் கட்டிப்போய், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஒரு பூட்டிய கடையின் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை உள்ளே, நான் வெளியே. எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பத்துத் தடவை தோன்றியது. பொய்க் கார்டு என்று தெரிந்தால் கார்டைப் பிடுங்குவார்கள். அதோடு விட்டால் சரி, கம்பிக்குள் போட்டதும் உண்டு. மாமியை நினைத்து உட்கார்ந்தேன். அடுத்து இவரிடம் வருவார்கள் என்று நினைத்து இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. பார்க்கிற நேரத்தில் மாமி தன் சால்வையை விரித்து மறைத்துக்கொள்வாள், நான் அதற்குள் குனிந்து பால் கொடுப்பேன். மற்ற நேரம் அவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர். என்ன ஆகாரம் கொடுக்கிறாய் என்று அங்கிருந்த டிரெஸர், டாக்டருக்கு அடுத்தபடியாக வைத்தியம் பார்க்கிற உதவியாளர், மாமியைக் கேட்க, கஞ்சித் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறாள். நெஞ்சுச் சளி என்று எழுதி ஒரு கலவை மருந்து கொடுத்தார்கள். பெரிய டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வருவார், அதுவரை டிரெஸர் சொல்வதுதான் வைத்தியம். முத்துவுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்தது.

மூன்றாம் நாள் காலை சால்வைக்குள் நான் குனிந்திருக்கும்போது யாரோ வந்து நிற்பது தெரிந்தது. டிரெஸர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர், கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீரோ பிள்ளையின்ரை தாய்?" என்றார் மெதுவாக.

நான் மாமியைப் பார்த்தேன். மாமிக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. பிள்ளையை அவள் பக்கம் கொடுத்துவிட்டு, "ஆமாங்க ஐயா, நான்தான் பெத்தேன்," என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"அழுறதுக்குப் பிறகு நேரமிருக்கு. காலைக் காட்டும்."

அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் நின்றது. பிறகு என்னைக் கட்டிலில் கால் தொங்க உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை விளிம்பால் தட்டினார். கால் தானாகத் துள்ள வேண்டுமாம். அது மரக்கட்டை மாதிரி சும்மா தொங்கியது. கடைசியாக, கையை ஊன்றாமல் குந்தி எழுந்திருக்கச் சொன்னார். குந்திவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. இருபத்திரண்டு வயதில், ஒரு வார்டு ஜனம் பார்க்கத் தரையில் குந்திக்கொண்டு, எழும்ப வராமல் கிடந்தேன். மாமிதான் தூக்கிவிட்டாள்.

"இது பெரிபெரி," என்றார் டிரெஸர். "சோத்திலை ஒரு சத்து இல்லாமல் போறதாலை வாற வருத்தம். நரம்பையும் இருதயத்தையும் பிடிக்கும். உம்மடை பாலிலை அந்தச் சத்து இல்லை. உமக்குக் காலோடை நிக்குது, பிள்ளைக்கு நேரே இருதயத்துக்குப் போட்டுது. குரல் போனதும் அதாலைதான்."

"எங்க ஊரு ஆளுங்க யாருக்கும் இப்பிடி வந்ததில்லையேய்யா."

"வராது. அப்ப கப்பலிலை புழுங்கலரிசி வந்தது. நெல்லை அவிக்கேக்கை தவிட்டிலை இருக்கிற சத்து அரிசிக்குள்ளை இறங்கிவிடும். இப்ப தாறது தீட்டின வெள்ளையரிசி. எத்தினை தண்ணியிலை கழுவுறனீர்?"

"மூணு தண்ணி. சுண்ணாம்பும் கல்லுமால்ல கெடக்கு."

"சோத்தை வடிக்கிறனீரோ?"

"வடிக்காம எப்பிடிங்கய்யா?"

"வடிச்ச கஞ்சி?"

"மாமி வீட்டு வாத்துக்கு ஊத்துவேன்."

"வாத்து எப்பிடி இருக்கு?"

"நல்லா கொழுத்துக் கெடக்கு."

"இருக்கும்," என்றார்.

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு எரிகிறது. சோற்றைப் பளிச்சென்று பொலபொலவென்று வடிப்பதில் எனக்குக் கர்வம் உண்டு. ஜப்பான்காரன் வந்தால் என்ன, நம் சுத்தம் நம்மோடு என்று பேசுவேன். பக்கத்துப் பெண்கள் கஞ்சியோடு சேர்த்துக் குழைய வைப்பதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். வாத்து கொழுத்தது. என் பிள்ளை நீலம் பாரித்தான்.

டிரெஸர் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து, மாமிக்கும் விளங்க மலாயில் சொன்னார். பிள்ளைக்கு உடனே ஊசி போட வேண்டும். மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை. இருப்பது பட்டாளத்துக்கு. டவுனில் ஒருவரிடம் நாலு குப்பி இருக்கிறது, என்ன விலை சொல்வாரோ தெரியாது. தாயைக் குணப்படுத்தாமல் பிள்ளை தேறாது, ஆகவே என்னையும் சேர்க்க வேண்டும். என்னைச் சேர்க்க வேண்டுமானால் நான்தான் தாய் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதினால், பொய்யாகப் பிள்ளையை ஏற்றியதற்கு மாமியின் கார்டு போய்விடும். எழுதாவிட்டால் நான் வெளியே போக வேண்டும்.

"பொலிஸுக்குப் போகாமல் நான் பாக்கிறன். கார்டைக் காப்பாத்த என்னாலை ஏலாது," என்று என்னிடம் தமிழில் சேர்த்துக்கொண்டார்.

எழுதுங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, எழுதாதீர்கள் என்று சொல்லும் மனமும் இல்லை. மாமி சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாமி பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தாள். அதிக நேரம் இல்லை. "எழுது," என்றாள் டிரெஸரிடம். பிறகு என்னைப் பார்த்து, "புத்தகத்தில் மட்டும்தான். நீ இன்னும் தவிடு கொடுக்கவில்லை, ஞாபகம் வை," என்றாள்.

கிராணி மாமியின் கார்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "ஆறு மாதம் கழித்து எழுதிக் கேட்டுப் பார், தருவார்கள்," என்று அவளுக்கு வழி சொன்னார். ஆறு மாதம் எதைத் தின்பது என்பதற்கு அவரிடம் வழி இல்லை.

மாமி வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தாள். கொண்டையில் மூங்கில் குச்சி செருகியிருந்தாள். மூன்று தங்க ஊசியும் நாலு குப்பி மருந்தாகியிருந்தன. வாத்தில் நாலைப் பிடித்து விற்று எனக்கும் முன்பணம் கட்டிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "தள்ளு, ஊசி போடட்டும்," என்று கையை உதறினாள்.

டிரெஸர் முத்துவின் தொடையில் ஊசியை ஏற்றும்போதும் அவன் வாயைத் திறந்து சத்தமில்லாமல் அழுதான். நானும் மாமியும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நிழல் சுவரைத் தாண்டிக் கட்டில்வரை வந்துவிட்டது. நாலு மணி இருக்கும், கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில் என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டது. முத்து கையைக் காலை உதைத்துக்கொண்டு, துருப்பிடித்த கதவு மாதிரி, அழுதான். அந்த வார்டில் அன்று அவன் அழுகையைக் கேட்டுச் சந்தோஷப்படாத ஆளில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்த டிரெஸர், நூலையும் சேர்த்து அவிழ்த்துவிட்டார்.

பதினெட்டு நாள் அங்கே கிடந்தேன். எனக்கு ஊசி வாங்க வழியில்லை. டிரெஸர் சொன்ன மருந்து தவிடு. தவிட்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, கொஞ்சம் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் போட்டுக் குடிக்க வேண்டும். மாட்டுக் கொட்டில் வாசனை அடிக்கும். குமட்டும். மாமி காலையும் மாலையும் காஜா பெராங்கிலிருந்து நடந்து, தூக்குச்சட்டியில் அதைக் கொண்டுவருவாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடிக்கிறவரை எதிரே நிற்பாள். வாத்துச் சாடித் தவிடுதான். தெங்கேரா சீனத்தி கையை விரித்துவிட்டாளாம்.

"நீங்க என்ன சாப்புடுறீங்க மாமி?" என்று கேட்டேன்.

"மரவள்ளி இருக்கிறது, அண்ணன் வீட்டில் அரிசியும் தருகிறார்கள்," என்றாள்.

அவளுடைய அண்ணன் வீட்டில் ஒன்பது பேர். அவர்களுக்கே வயிறு காய்ந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

இவர் உள்ளே வர முடியாது. வாசலில் ஆம்பிளைகளின் அடையாளத் தாளைக் கேட்டுப் பார்த்தார்கள். அதனால் தினம் மாலை ஐந்து மணிக்கு எதிர்ச் சடக்கின், அதாவது ரோட்டின், ஓரம் மரத்தடியில் வந்து நிற்பார். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும். ஜன்னலில் நான் பிள்ளையைத் தூக்கிக் காட்டினால், குடையை ஒருமுறை விரித்து மூடுவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒருநாள் நான் ஜன்னலுக்கு வரப் பிந்திவிட்டேன். பார்த்தால் மனிதர் குடையை விரித்து மூடி, விரித்து மூடி, பறவை ஓட்டுகிறவரைப் போல நின்றிருந்தார். சிரித்துவிட்டேன். அந்தப் பதினெட்டு நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

வார்டில் எல்லாருக்கும் இப்படி முடியவில்லை. என் பக்கத்துக் கட்டிலில் கால் புண்ணோடு கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண்ணை, கட்ட வேண்டிய பணம் தீர்ந்ததும் கார்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாழைச் சருகில் புண்ணைச் சுற்றிக்கொண்டு போனாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என்னால் கையூன்றாமல் குந்தி எழ முடிந்தது. நான் வந்த அன்றே இவர், எங்கெங்கோ அலைந்து, இருந்த ஒரே நல்ல வேட்டியைக் கொடுத்து ஒரு படி தவிடு வாங்கி வந்தார். இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது என்று நான் குளித்து, தவிட்டை முறத்தில் கொட்டி, முத்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியின் நிலைப்படிக்குப் போனேன்.

"மாமி, தவிடு கொண்டாந்திருக்கேன். எம்புள்ளைய எனக்குக் குடுங்க," என்றேன்.

மாமி முறத்தைப் பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. கைலியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். "உனக்குக் கால் இன்னும் முழுதாக வற்றவில்லை. இந்தத் தவிட்டை நீ குடி. பிள்ளைக்கும் பாலில் போகட்டும். அடுத்த படி கிடைக்கும்போது கொண்டுவா, அப்போது விற்கிறேன். எங்கே ஓடிவிடப்போகிறேன்?" என்று சிரித்தாள்.

நான் அவள் சொன்னதைக் கேட்டேன். முறத்தோடு திரும்பி வந்து, அந்தத் தவிட்டைத் தினம் கொதிக்கவைத்துக் குடித்தேன். சில நாளாக அவள் செருப்புப் போடாமல் நடப்பதைப் பார்த்திருந்தேன். தேய்ந்துவிட்டது என்றாள். சரி என்றேன். பெரிபெரி என்றால் என்ன என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவள் நான். என்னைத் தினம் நடந்து வந்து காப்பாற்றியவளின் காலில் விரலை வைத்து அழுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று அந்தப் படித் தவிட்டை அவள் வாங்கிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாள். இதைப் பலவிதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன், வேறு விதமாக வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டாள். மூச்சு இழுத்தது. உதடு முத்துவுக்கு இருந்த அதே நீலம். கைலி விலகிக் கிடந்தது. கால் இரண்டும் தொடைவரை வீங்கியிருந்தன. இவர் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். சயாமும் நினைவில்லை, ஒளிவதும் நினைவில்லை. பட்டப்பகலில் சடக்கில் நேரே ஓடினார். நான் பிள்ளையோடு பின்னால் ஓடினேன்.

அதே மேசை, அதே கிராணி.

"கார்டு?" என்றார்.

"நீங்கதான்யா பூட்டி வச்சிருக்கீங்க," என்றேன்.

அவர் மாமியை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மாறிவிட்டது. கார்டு பெரிய அலுவலகத்துக்குப் போய்விட்டது, இருங்கள், கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து ஓடினார். விதி விதிதான், ஆனாலும் அவர் ஓடினார் என்பதைச் சொல்ல வேண்டும். மாமியை வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்தோம். தலை என் மடியில். டிரெஸர் உள்ளிருந்து வந்து, நாடியைப் பிடித்துப் பார்த்து, பிடித்த கையை விடாமல் நின்றார். அவரிடம் குப்பி இல்லை. எங்களிடம் தங்க ஊசி இல்லை.

மாமி முத்துவைத் தேடினாள். நான் அவனை அவள் கைக்குள் வைத்தேன். அவன் பசியில் வீறிட்டான், நல்ல சத்தம். "குரல் வந்துவிட்டது," என்றாள். அவள் பேசிய கடைசிப் பேச்சு அது.

கிராணி திரும்பி வந்தபோது தாள் தயாராக இருந்தது. சேர்ப்பதற்கு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்தார். உடம்பை வாங்கிக்கொண்டு போக ஒரு சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும்.

"நீ இவளுக்கு என்ன உறவு?"

"இவங்க எம்புள்ளையோட அம்மா," என்றேன்.

அவர் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பொய் என்று சொல்லவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

சண்டை முடிந்தது. கப்பலில் புழுங்கலரிசி மறுபடியும் வந்தது. இவர் சயாமுக்குப் போகாமலே தப்பினார். நாங்கள் அதே அறையிலேயே இருந்தோம். வீடு மாமியின் அண்ணனுக்கு வந்தது. நான் சோறு வடிப்பதை விட்டுவிட்டேன். இன்றைக்கும் என் வீட்டில் சோறு குழைவாகத்தான் இருக்கும். வருகிறவர்கள் முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும்.

செட்டி வீடுகளில் பொங்கலுக்கு முந்தின நாள் பார்ச்சு என்று ஒன்று செய்வார்கள். இறந்துபோனவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்று வரிசையாக வாழையிலை போட்டு எல்லாம் படைப்பார்கள். முத்துவுக்கு ஆறு வயதாகியிருந்த வருஷம், அந்த நாளில், அடுத்த வீட்டுப் பெண் அவனைச் சீண்டி, "ஒன்னைய ஒங்கம்மா தவிட்டுக்குத்தான்டா வாங்குனாங்க," என்று சொல்லியிருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளையும் சொல்கிற கேலிதான். அவன் அழுதுகொண்டு ஓடி வந்தான்.

"நெசமாம்மா? என்னைத் தவிட்டுக்கா வாங்குனீங்க?"

வேறு எந்தத் தாயும் சிரித்துக்கொண்டு ஆமாம் என்றிருப்பாள்.

"இல்லப்பா. நான் வாங்கவே இல்ல," என்றேன்.

முகத்தைக் கழுவி, தலையை வாரி, திருநீறு பூசி, அவனை முன்வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மாமியின் அண்ணன் நகர்ந்து வழி விட்டார். கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஓர் இலைக்கு இடம் விட்டிருந்தது. வாழையிலையை அவன் கையில் கொடுத்தேன்.

"இது ஒங்கம்மாவுக்கு. தண்ணி தெளிச்சுத் தொடச்சுட்டுப் போடு. பாத்து, கிழிஞ்சிறப் போவுது."